பசிக்குக் கோடை விடுமுறை உண்டோ?

(முன்னாள் மாணவியர் பக்கம்)

கோடை விடுமுறை என்றதும் மாணவியர் உள்ளம் துள்ளுவது இயல்பே. தேர்வு முடிந்தது, புத்தகப் பை மூலைக்குப் போயிற்று, பாட்டி வீடு, குற்றாலம், மணப்பாடு என்று மனம் பறக்கத் தொடங்கிவிடும். ஆசிரியைகளுக்கு ஓய்வு; அருட்சகோதரியர்க்கும் ஓரளவு ஓய்வு; காலையும் மாலையும் அடித்துக் களைத்த பள்ளி மணிக்கும் ஓய்வு. ஆனால் ஆண்டு முழுவதும் ஓய்வே கொள்ளாத ஒன்று உண்டு. அதுதான் பசி. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாளில் வருகின்ற அதே பசி, பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் நாளிலும் அதே நண்பகல் வேளையில் தவறாமல் வந்து நிற்கிறது. இந்த எளிய உண்மையை நாங்கள் நன்கு உணர்ந்துகொண்டது ஓர் அயல்நாட்டில், அயல் சபையார் கோயில் ஒன்றின் சமையற்கூடத்தில் என்றால் நீங்கள் வியப்படையலாம்.

எம் பள்ளியில் பயின்று, செவிலியர் பணி கற்று, இன்று அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கும் அக்காள் தங்கையர் நாங்கள் இருவர். இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புமாறு பள்ளியிலிருந்து அன்புக் கட்டளை வந்தபோது, நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களைப் பற்றி எழுதுவதா, நயாகரா அருவியைப் பற்றி எழுதுவதா என்று முதலில் எண்ணினோம். அவற்றையெல்லாம் நீங்கள் படங்களிலேயே கண்டிருப்பீர்கள். ஆகவே, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய ஒரு சிறு கோயிலையும், சென்ற கோடையில் அங்கு நாங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதுகிறோம். அது கத்தோலிக்கக் கோயில் அன்று. எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த ஒரு பங்குக் கோயில்.

அவர்கள் யார்?

'எபிஸ்கோப்பல்' என்னும் சொல் நம்மில் பலருக்குப் புதிது. ஆயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆயர்களின் தலைமையில் நடைபெறும் சபை என்பது கருத்து. இங்கிலாந்துத் திருச்சபை என்னும் மரத்தின் அமெரிக்கக் கிளை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1776-இல் அமெரிக்க மக்கள் ஆங்கில அரசரின் ஆட்சியை உதறியபோது, அங்கிருந்த ஆங்கிலிக்கன் சபையார்க்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஆயராக அருட்பொழிவு பெற வேண்டுமாயின் இங்கிலாந்து அரசருக்கு உண்மையாய் இருப்பதாக ஆணையிட வேண்டும். விடுதலை பெற்ற நாட்டவர் அதை எங்ஙனம் செய்வர்? சாமுவேல் சீபரி என்னும் குரு ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறி, 1784-இல் அபர்தீன் நகரில் அங்குள்ள ஆயர்களிடம் அருட்பொழிவு பெற்றுத் திரும்பினார். 1789-இல் அமெரிக்கர்க்கென்றே ஒரு பொது மன்றாட்டு நூலும் ஏற்பட்டது. இப்போது அவர்கள் கையாள்வது 1979-இல் திருத்தியமைக்கப்பட்ட நூல்.

பாளையங்கோட்டையில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் குடும்பம் முற்றிலும் அந்நியம் அன்று. முருகன்குறிச்சியில் வானைத் தொட்டு நிற்கும் ஊசிக்கோபுரக் கோயில் ஆங்கிலிக்கன் மிஷனெரிமார் காலத்தில் எழுந்ததன்றோ! 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலிய சபையார் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையாயினர். ஆகவே நம் பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. மக்களும் இந்த எபிஸ்கோப்பல் சபையாரும் ஒருவகையில் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் என்றே சொல்ல வேண்டும்.

நாங்கள் கண்ட பங்கின் குரு ஒரு பெண்மணி. 1976-இல் அச்சபை பெண்களையும் குருக்களாக ஏற்கத் தீர்மானித்தது. நம் திருச்சபையில் அவ்வழக்கம் இல்லை என்பது நீங்கள் அறிந்ததே. முதல் நாள் அவர் கூடத்தினுள் நுழைந்ததும், அங்கிருந்தோர் "வணக்கம், மதர்!" என்றனர். உடனே நாங்கள் இருவரும் எங்களை அறியாமலே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டோம்! மற்றவர்கள் அமர்ந்தபடியே இருந்தார்கள். பள்ளியில் படிந்த பழக்கம் கடல் கடந்தும் விடுமா, என்ன?

மரநிழலில் வழிபாடு

அமெரிக்காவில் கோடை என்பது ஜூன் மாதக் கடைசியில் தொடங்குகிறது. எங்கள் மாநிலத்தில் ஜூன் மூன்றாம் வாரத்தை ஒட்டி மூடும் பள்ளிகள், செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தை ஒட்டித்தான் மீண்டும் திறக்கின்றன. ஏறத்தாழ பத்து, பதினொரு வாரம்! மக்கள் கடற்கரைக்கும் மலைக்கும் ஏரிக்கும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கோயிலில் பாதி இருக்கைகள் காலி. பாடகர் குழுவுக்கு விடுமுறை. ஞாயிறு மறைக்கல்விக்கு விடுமுறை. மற்ற மாதங்களில் இரண்டு முறை நடக்கும் ஞாயிறு வழிபாடு கோடையில் ஒன்றாகச் சுருங்கி, காலை ஒன்பது மணிக்கே நடந்து முடிகிறது.

எங்கள் பக்கத்து வீட்டில் வாழும் முதியவள் ஒருத்தி அந்தப் பங்கைச் சேர்ந்தவர். கண் பார்வை மங்கியவர். "ஞாயிறு காலை என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்வீர்களா?" என்று கேட்டார். சனி மாலையே எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு திருப்பலி கண்டுவிடுவது எங்கள் வழக்கம். ஆகவே மறுநாள் காலை அவருக்குத் துணையாகச் செல்வதில் எங்களுக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை.

கோடையில் வழிபாடு கோயிலுக்கு வெளியே, புல்வெளியில், ஒரு பெரிய மேப்பிள் மரத்தடியில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், ஒரு சிறு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, காற்றில் அணையாதபடி கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு மெழுகுதிரிகள். குருவின் உடை பச்சை நிறம். பெந்தகோஸ்துத் திருநாளுக்குப் பிறகு வரும் நீண்ட காலத்துக்கு நம் கோயில்களில் காணும் அதே பச்சை! 'உன்னதங்களிலே' கீதமும், நைசீன் விசுவாச அறிக்கையும், 'பரிசுத்தர்' கீதமும் ஏறக்குறைய நம் வழிபாட்டில் உள்ளவாறே ஒலிக்கக் கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அமைதி வாழ்த்து வந்தபோது எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து, புல்வெளி முழுதும் சுற்றி வந்து, ஒருவர் விடாமல் கைகுலுக்கினார்கள்.

ஆனால் நற்கருணை வேளையில் நாங்கள் அமர்ந்தேயிருந்தோம். அவர்கள் அப்பத்தையும் இரசத்தையும் பெற வரிசையில் சென்றார்கள். அச்சபையில் நற்கருணை பெறாதோர் கைகளை மார்பில் குறுக்காக வைத்துச் சென்றால் ஆசி வழங்குவது வழக்கம். அடுத்த வாரங்களில் முதியவளுக்குத் துணையாகச் சென்றபோது நாங்களும் அவ்வாறே ஆசி மட்டும் பெற்றுத் திரும்பினோம். அவர்களுடைய பீடத்தில் நற்கருணை பெறுவது நம் திருச்சபையின் ஒழுங்கு அன்று. அதை அறிந்தே சென்றோம், அதன்படியே நடந்தோம். எனினும், வாரந்தோறும் அன்போடு கைகுலுக்கிய மக்கள் ஒரு திசையிலும் நாங்கள் ஒரு திசையிலும் நிற்கும் அந்த ஓரிரு நிமிடம் உள்ளத்தில் ஒரு முள்ளாய்த் தைத்தது. திருச்சபைகளின் ஒன்றிப்புக்காக எம் பள்ளிக் கோயிலில் ஆண்டுதோறும் சனவரியில் எட்டு நாள் செபித்தோமே, அதன் பொருள் அந்தப் புல்வெளியில்தான் எங்களுக்கு முழுமையாக விளங்கிற்று.

வழிபாடு சுருங்கினாலும் பங்கின் வேலைகள் சுருங்கவில்லை. ஜூலை மாதத்தில் ஐந்து மாலைகள் சிறுவர்க்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. நம் ஊர் சி.எஸ்.ஐ. கோயில்களில் மே மாதம் வண்ணக் காகிதத் தோரணம் கட்டி நடத்துவார்களே, அதேதான். இதன் தொடக்கம் நியூயார்க் நகரிலேயே. 1898-இல் ஹாஸ் அம்மையார் என்னும் பாப்திஸ்து சபைப் பெண்மணி, கோடையில் தெருவில் அலையும் ஏழைப் பிள்ளைகளைக் கண்டு இரங்கி, இடம் கிடைக்காமல் ஒரு பீர்க்கடையை வாடகைக்கு எடுத்து வேதாகமப் பள்ளி நடத்தினாராம்! கோயில் வளாகத்தின் பின்புறம் ஒரு காய்கறித் தோட்டம். அதில் விளையும் தக்காளியும் பீன்சும் ஏழைகளுக்கான உணவுக் கிடங்குக்குப் போகும். வெயில் கொடுமை மிகும் நாள்களில் குளிரூட்டப்பட்ட கூடம் தனித்து வாழும் முதியோர்க்காகத் திறந்து வைக்கப்படும். நம் அக்கினி நட்சத்திரத்தைக் கண்டவர்கள் அந்த ஊர் வெயிலைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் காற்றோட்டமில்லாத அடுக்குமாடி அறையில் தனியே இருக்கும் எண்பது வயது மூதாட்டிக்கு அது சிரிக்கும் காரியம் அன்று. மருத்துவமனையில் பணிபுரியும் நாங்கள் அதை நேரில் கண்டவர்கள்.

இவற்றையெல்லாம்விட எங்கள் உள்ளத்தைத் தொட்டது அந்தக் கூடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை நடந்த பிள்ளைகள் உணவு.

ஒரு குவளைப் பாலும் ஒரு தட்டுச் சோறும்

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் பசித்த பிள்ளைகளா என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். 1946-இல் அந்நாட்டில் பள்ளி மதிய உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. வருவாய் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் பள்ளியில் கிடைக்கும் காலை உணவையும் மதிய உணவையுமே நம்பியிருக்கிறார்கள். பள்ளி மூடினால்? இந்தக் கேள்விக்கு விடையாக 1968-இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 1975-இல் தனித் திட்டமாக நிலைபெற்றது கோடைக்கால உணவுத் திட்டம். 2024 முதல் பல மாநிலங்களில், தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடையில் உணவுப் பொருள் வாங்க 120 டாலர் தனியே கொடுக்கிறார்கள். பத்து வாரத்துக்கு அது எம்மட்டு?

இதை எழுதும்போது நம் தமிழகத்தை நினைத்துப் பெருமை கொள்கிறோம். பெருந்தலைவர் காமராசர் 1956-இல் மாநிலமெங்கும் பரப்பிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன! உலகின் பெரிய நாடொன்றில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமே இருக்கவில்லை. அங்கிருந்தோர் ஆவலோடு கேட்டார்கள்.

கோடைக்கால உணவுத் திட்டத்தில் செலவு அரசுடையது. இடமும் கைகளும் பள்ளி, கோயில், நூலகம் போன்றோருடையவை. பதினெட்டு வயது வரையுள்ள எந்தப் பிள்ளையும் உள்ளே வரலாம். பெயர் கேட்பதில்லை, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்பதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குவளைப் பால், பழமும் காயுமாக இரண்டு, ரொட்டி அல்லது சோறு, கோழிக்கறி அல்லது பாலாடைக்கட்டி அல்லது அவரை வகை என்று கணக்கு உண்டு. பாலின் குளிர்ச்சியை வெப்பமானி வைத்துப் பார்த்து எழுத வேண்டும். தட்டு ஒன்றைக் கொடுத்ததும் எண்கள் அச்சிட்ட தாளில் ஓர் எண்ணை அடிக்க வேண்டும். முன்கூட்டியே அடித்து வைப்பது கூடாது. பிறகு நினைவாக அடிப்பதும் கூடாது. பிள்ளைக்குக் கொடுத்த தட்டுக்கு மட்டுமே அரசு பணம் தரும். ஒரு பிள்ளைக்கு வேண்டாத ஆப்பிளையோ பாலையோ வைக்க ஒரு தனி மேசை. வேண்டிய பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் கடைசியில் பங்கு மன்றக் கூட்டம் நடந்தது. மன்றத்தாரைப் பங்கு மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று எழுந்த கேள்வி: ஆகஸ்டு மாதத்தில் உணவுக்கூடத்தை மூடிவிடலாமா? நாள்தோறும் ஆறு பேர் வேண்டும். ஆகஸ்டில் ஊரில் ஆள் ஏது? சிலர் மூடுவதே நல்லது என்றனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரைகுறையாய் நடத்தி ஒரு நாள் பிள்ளைகள் வந்து ஏமாந்து போவதைவிட முன்பே சொல்லிவிடலாமே!

அப்போது ஒரு முதியவர் எழுந்து நியூயார்க்கிலுள்ள பரிசுத்த அப்போஸ்தலர் எபிஸ்கோப்பல் கோயிலின் கதையைச் சொன்னாராம். அங்கு 1982-இல் ஏழைகளுக்கு உணவளிக்கத் தொடங்கினார்கள். 1990-இல் அக்கோயில் தீப்பற்றிப் பெரும் சேதமடைந்தது. ஆனால் உணவளிப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. கோயிலைப் புதுப்பித்தபோது பழைய நீண்ட இருக்கைகளைத் திரும்பப் பதிக்கவும் இல்லை. வழிபாட்டு நேரத்தில் நாற்காலி. வழிபாடில்லா வேளையில் அதே இடத்தில் சாப்பாட்டு மேசை என்று ஆக்கிவிட்டார்கள். "தீப்பிடித்தும் மூடாத இடம் உண்டு, நாம் கடற்கரைக்குப் போவதற்காக மூடுவதா?" என்று அவர் கேட்டதும் மன்றம் அமைதியாயிற்றாம்.

மறு ஞாயிறு கூடத்துச் சுவரில் ஒரு பெரிய தாள் தொங்கிற்று. ஆகஸ்டு மாதத்தின் வேலை நாள்கள். நாளுக்கு ஆறு கட்டங்கள். மொத்தம் 120-க்கு மேல். ஜூலை இரண்டாம் வாரம் வரை ஏறத்தாழ இருபது கட்டங்களில்தான் பெயர் ஏறியிருந்தது. பெரும்பாலும் வெள்ளைத்தாள்! எங்கள் முதியவள் கண் தெரியாதவர். "எத்தனை நிரம்பியிருக்கிறது, சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு ஞாயிறும் எங்களைக் கேட்பார். சொல்ல எங்களுக்கே மனம் வரவில்லை.

"அக்கா, நமக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வுதானே?" என்றாள் தங்கை.

எனினும் அவசரப்படாமல் எங்கள் கத்தோலிக்கப் பங்குத்தந்தையிடம் சென்று கேட்டோம். அவர் புன்னகைத்து, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி வெளியிட்ட ஏட்டை எடுத்துக் காட்டினார். பசி, வறுமை, வீடின்மை போன்ற துன்பங்களைக் களையக் கிறிஸ்தவர் அனைவரும் இணைந்து உழைக்க வேண்டும் என்று அது தெளிவாகக் கூறுகிறது. "பீடத்தில் நாம் இன்னும் பொறுத்திருக்க வேண்டும், அடுப்பங்கரையில் பொறுத்திருக்கத் தேவையில்லை" என்றார் அவர். அத்தோடு நில்லாமல், புனித வின்சென்ட் தே பவுல் சபையாரிடமும் அந்த ஞாயிறே பேசினார். எங்கள் பெயர்கள் ஏறின. வின்சென்ட் சபையாரில் எட்டுப் பேர் ஏறினர். குஜராத்தி மளிகைக்கடைக்காரர் ஒருவர் இரண்டு மூட்டை அரிசியோடு தம் மகளையும் அனுப்பினார். கடற்கரைக்குப் போகவிருந்த ஒரு குடும்பத்தார் தம் பயணத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு வாரம் திரும்பி வந்தனர். ஜூலை முடியும்போது தாளில் ஒன்பது கட்டங்களே காலியாக இருந்தன. முதியவளிடம் உரக்கச் சொன்னோம். அவர் கைதட்டினார்.

பையில் ஒளித்த பால்

நாள்தோறும் ஐம்பது, அறுபது பிள்ளைகள் வருவார்கள். அவர்களுள் ஸ்பானிய மொழி பேசும் ஒரு சிறுமி, பத்து வயதிருக்கும். இரண்டு தம்பிகளையும் இரு கையில் பிடித்துக்கொண்டு வருவாள். தம்பிகளை முதலில் அமர வைத்துப் பால் உறையைப் பிரித்துக் கொடுத்த பின்னரே தன் தட்டைத் தொடுவாள். ஒரு நாள் அவள் தன் பால் குவளையைப் பைக்குள் மெல்ல ஒளிப்பதைக் கண்டோம். உணவை அங்கேயே உண்ண வேண்டும். வீட்டுக்குக் கொண்டு செல்லக் கூடாது என்பது அக்கூடத்துக்குரிய விதி.

அருகில் சென்று, "உனக்குப் பால் பிடிக்காதா, அம்மா?" என்று கேட்டோம்.

"அம்மா வெளியே நிற்கிறாள்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

கூடத்துக்கு வெளியே, வெயிலில், மதில் ஓரமாக அந்தத் தாய் நின்றுகொண்டிருந்தாள். பெரியவர்க்கு அத்திட்டத்தில் உணவு இல்லை என்று அறிந்து, உள்ளே வரவும் கூசி நின்றாள். அவளைப்போல் இன்னும் நால்வர் ஐவர் நாள்தோறும் நின்றார்கள் என்பதை அன்றுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

விதியை மீறலாமா? கூடாது. தாளில் பொய்யாக ஓர் எண்ணை அடித்தால் நாளை உணவுக்கூடமே மூடப்படலாம். விதியைக் காட்டி அந்தத் தாயை வெயிலில் நிறுத்தலாமா? அதுவும் கூடாது. அன்று மாலையே 'மதர்' ஒரு வழி செய்தார். கூடத்தின் மறு ஓரத்தில் வேறொரு மேசை, அது பெரியவர்க்கு. அதன் செலவு அரசுடையது அன்று, பங்கு மக்களுடையது. தனிக் கணக்கு, தனிப் பாத்திரம், தனி உண்டியல். பிள்ளைகள் தட்டிலிருந்து ஒரு பருக்கையும் அங்கே போகவில்லை. அம்மேசைக்காகத் தனியே சமைத்தோம்.

எங்கள் முறை வந்த நாளில் குஜராத்திக் கடைக்காரரின் அரிசியில் எலுமிச்சைச் சோறு கிளறினோம். கடுகு வெடிக்கும் ஓசை கேட்டு வின்சென்ட் சபை முதியவர் ஒருவர் அடுப்பு பழுதாகிவிட்டதோ என்று ஓடிவந்தார்! பிள்ளைகளின் விழி மறுபக்கத்து மேசைக்கே போயிற்று. அந்தத் தாயோ இரண்டாம் முறையும் வாங்கி உண்டாள். உண்டு முடித்ததும் சும்மா இருக்கவில்லை. பாத்திரம் துலக்கும் இடத்துக்கு வந்து, எங்கள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில், சுவரில் தொங்கிய தாளில் காலியாயிருந்த கட்டங்களுள் நான்கில் அவள் பெயர் இருந்தது. தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

நம் ஊரில் ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் உறவு என்பார்கள். அதன் உண்மையை அங்கே கண்டோம்.

ஒரு கோடையில் உயிர் ஈந்தவர்

ஆகஸ்டு 14 அன்று, சமையல் தொடங்குமுன் 'மதர்' எங்களை அடுப்பைச் சுற்றி நிற்கச் சொல்லி ஒரு சிறு செபம் செய்தார். ஜோனத்தன் டேனியல்ஸ் என்பவரை அச்சபை நினைவுகூரும் நாள் அது. அவர் எபிஸ்கோப்பல் சபையில் குருத்துவக் கல்வி பயின்ற மாணவர், வயது 26. கறுப்பின மக்கள் உரிமைக்காக அலபாமா மாநிலத்தில் உழைத்தார். 1965 ஆகஸ்டு 14-இல் தோழர்களுடன் கைது செய்யப்பட்டு, ஆறு நாள் சிறையில் கிடந்து, 20-ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். கொளுத்தும் வெயில். நால்வர் அருகிலிருந்த கடைக்குக் குளிர்பானம் வாங்கச் சென்றனர். வாசலில் ஒருவன் துப்பாக்கியுடன் நின்று, ரூபி சேல்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பினப் பெண்ணைக் குறிபார்த்தான். டேனியல்ஸ் அவளைக் கீழே தள்ளி, குண்டைத் தம் உடலில் ஏற்று அங்கேயே மாண்டார். அவருடன் சென்ற கத்தோலிக்கக் குரு ரிச்சர்டு மோரிஸ்ரோ முதுகில் சுடப்பட்டுப் படுகாயமுற்று உயிர் தப்பினார். சுட்டவன் குற்றவாளி அல்லன் என்று, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு விடுவித்தது. உயிர் பிழைத்த ரூபி சேல்ஸ் பின்னாளில், டேனியல்ஸ் பயின்ற அதே கல்லூரியில் இறையியல் பயின்று, மக்கள் உரிமைக்காகத் தொடர்ந்து உழைத்தார்.

உங்களில் எத்தனையோ பேர் வயதுதான் அன்று ரூபிக்கு! ஒரே வெயிலில், ஒரே தாகத்தோடு சென்ற அந்த நால்வரில் ஒருவர் எபிஸ்கோப்பல், ஒருவர் கத்தோலிக்கர். குண்டு அவர்களைச் சபை கேட்டுப் பாயவில்லை. அன்று எங்கள் கூடத்தில் காய் நறுக்கிய கைகளிலும் சபை கேட்பார் எவரும் இல்லை.

மறுநாள் ஆகஸ்டு 15. நமக்குத் தேவதாயின் விண்ணேற்புத் திருநாள். தாய்நாட்டின் விடுதலை நாளும்கூட. எபிஸ்கோப்பல் சபையாரும் அந்நாளைத் தூய கன்னி மரியாவின் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள் என்பதை அறிந்து மகிழ்ந்தோம். காலையில் எங்கள் கோயிலில் திருப்பலி கண்டு, பின் உணவுக்கூடத்துக்குச் சென்றோம். முதியவள் தம் தோட்டத்து ரோசா மலர்களைக் கொடுத்தனுப்பியிருந்தார், இரண்டு மேசைக்கும்.

அன்புத் தங்கையரே!

ஆகஸ்டு கடைசி வெள்ளி வரை அந்தக் கூடம் ஒரு நாளும் மூடவில்லை. இதில் எங்கள் பங்கு மிகச் சிறிது. வாரம் இரண்டு நாள், மூன்று மணி நேரம். எனினும் அக்கோடையில் கற்றது பெரிது. ஒரு பங்கின் உயிர்த்துடிப்பைத் திருவிழாக் கூட்டத்தில் காண்பது எளிது. இருக்கைகள் காலியாகி, பாடகர் ஓய்ந்து, எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட காலத்தில் அங்கே யாருக்காக அடுப்பு எரிகிறது என்று பார்த்தால்தான் அதன் உண்மையான அன்பு தெரிகிறது.

நம் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் அசனப் பண்டிகை நடப்பதை நீங்கள் அறிவீர்கள். பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் ஆக்கி, சாதி சமயம் பாராமல் வந்தவர்க்கெல்லாம் பரிமாறுகிறார்கள். நம் கத்தோலிக்கக் கோயில்களிலும் புனித அந்தோனியார் பேரால் உணவிடுகிறோம். இவையெல்லாம் ஆண்டில் ஒரு நாள், இரு நாள். பள்ளி மூடிக் கிடக்கும் மே மாதத்தில், வழக்கமாகச் சத்துணவுக் கூடமும் மூடிக் கிடக்கிறது. உங்கள் வகுப்பில் உங்கள் அருகிலேயே அமர்ந்து உண்ணும் ஒருத்தி அந்த மாதத்தில் என்ன உண்கிறாள்? அவளிடம் கேட்டு நோகடிக்க வேண்டாம். ஆனால் நினைத்துப் பாருங்கள். ஐந்து தோழியர் சேர்ந்து, பெற்றோரிடமும் அருட்சகோதரியரிடமும் கலந்து பேசி, உங்கள் தெருவில் ஒரு வாரத்துக்கு ஒரு பானை கூழோ, ஒரு படி அரிசிச் சோறோ ஆக்க முடியாதா? பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. தோழியையும், எதிர்வீட்டு இந்துத் தோழியையும், இஸ்லாமியத் தோழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை எடுத்து, கட்டம் போட்டு, சுவரில் ஒட்டிவிடுங்கள். முதலில் அது வெள்ளையாகத்தான் இருக்கும். அஞ்ச வேண்டாம், முதல் இரண்டு கட்டங்களில் உங்கள் பெயரை எழுதிவிட்டால் போதும்.

வருகின்ற கோடையிலும் அந்தச் சுவரில் தாள் தொங்கும். எங்கள் பெயர்களை இப்போதே சொல்லி வைத்துவிட்டோம்.